ஷட்டரின் கணக்கும் காமிராவின் ஆயுளும்

கைமாறி வந்த காமிராவை வாங்க நினைப்பவர்கள் இக்காலத்தில் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி, "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?" என்பதே. அது யாரிடம் இருந்தது, எந்த ஊரில் இருந்தது, எந்த வேலைக்குப் பயன்பட்டது என்று விசாரிப்பதற்கு முன்பே, லென்ஸைக் கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்ப்பதற்கு முன்பே, இந்த ஓர் எண்ணைக் கேட்டு, அது சிறியதாக இருந்தால் மகிழ்ந்து பணத்தை எண்ணிக் கொடுப்பவர்களையும், பெரியதாக இருந்தால் நல்லதொரு யந்திரத்தைத் தொட்டுக்கூடப் பாராமல் திரும்பிப் போகிறவர்களையும் நான் அநேகமாக நாள்தோறும் பார்த்து வருகிறேன். காமிரா பழுது பார்க்கும் தொழிலில் ஆயுளின் பெரும் பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த எண்ணுக்கு உண்மையிலேயே உள்ள மதிப்பு எவ்வளவு, ஜனங்கள் தாமாக அதன்மேல் ஏற்றிவைத்த மதிப்பு எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்லிவிட விரும்புகிறேன். வீட்டு நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த பணத்தில் முதல் காமிராவை வாங்கிக் கல்யாண வேலைக்குப் புறப்படும் இளைஞனுக்கு, இந்தப் பாகுபாடு தெரிவதும் தெரியாமலிருப்பதும் ஜீவனப் பிரச்சினையாகும்.

நான் தொழில் கற்ற காலம் ஃபிலிம் காமிராக்களின் காலம். சென்னையில் எல்லிஸ் சாலையையும் வாலாஜா சாலையையும் சுற்றிப் போட்டோ சாமான் கடைகள் அடுத்தடுத்து இருந்த வட்டாரத்தில், ஒரு மாடிப்படியின் அடியில் இருந்த சிறு பட்டறையில் என் ஆசிரியர் உட்கார்ந்து வேலை செய்வார். ஸ்டுடியோக்காரர்களின் ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா மாட் முதலிய இரட்டை லென்ஸ் காமிராக்களும், பத்திரிகைக்காரர்களின் நிக்கான்களும், எப்போதாவது ஒரு லைக்காவும் அவர் மேசைக்கு வரும். அவற்றுள் எதிலும் வாழ்நாளில் எத்தனை படம் எடுக்கப்பட்டது என்று சொல்லும் கணக்கு கிடையாது. 35 மில்லிமீட்டர் காமிராவில் இருந்த எண்சக்கரம் 36 வரை போய், மூடியைத் திறந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். ஆகையால் ஷட்டரின் நிலையைக் கண்ணாலும் காதாலும் விரலாலும் அறிவதைத் தவிர எங்களுக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை. லைக்காவின் துணித்திரையில் ஊசித்துளை விழுந்திருக்கிறதா என்று வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். ரோலிஃபிளெக்ஸின் கம்பூர் ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்தி, உள்ளே ஓடும் பற்சக்கரங்களின் ஒலி ஒரே சீராக வருகிறதா, நடுவில் இழுத்து மூச்சு வாங்குகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்போம். "கேட்டுப் பழகு தம்பி, காமிரா தானே சொல்லும்" என்பது ஆசிரியர் வாக்கு.

டிஜிட்டல் காமிராவின் ஷட்டரும் அடிப்படையில் அந்தப் பழைய வம்சத்தைச் சேர்ந்ததே. 1925 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் ரப்பர் பூசிய துணித்திரை பக்கவாட்டில் ஓடிற்று. பின்னால் மெல்லிய உலோகத் தகடுகள் மேலிருந்து கீழாக ஓடும் முறை வந்தது. 1982 இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம்2 அம்முறையில் விநாடியில் 4,000 இல் ஒரு பங்கை எட்டியபோது, எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அதை ஓர் அதிசயமாகவே பேசிக்கொண்டார்கள். இன்றைய காமிராவில் சென்சருக்கு முன்னே இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை விலகி ஒளியை உள்ளே விடுகிறது; இரண்டாவது திரை தொடர்ந்து வந்து அதை அடைக்கிறது. விநாடியில் 8,000 இல் ஒரு பங்கு என்னும் வேகத்தில், முதல் திரை கீழே போய்ச் சேர்வதற்கு முன்பே இரண்டாவது திரை புறப்பட்டுவிடுவதால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள இடுக்கு ஒன்றுதான் சென்சரின் மேல் ஓடிக் கடக்கிறது. இவ்வளவு மெல்லிய தகடுகள் இவ்வளவு வேகமாகப் பாய்ந்து, சட்டென்று நிற்க வேண்டியிருப்பதால், அவற்றின் கீல்களும், அவற்றைத் தாங்கி நிறுத்தும் சிறு ரப்பர்த் தடைகளும், மறுபடியும் வில்லை ஏற்றிவைக்கும் மோட்டாரும் நாளடைவில் தேய்வது இயற்கை. தேய்கிற பொருளுக்குக் கணக்கு வைப்பது நியாயமே. அந்தக் கணக்குக்குத்தான் ஷட்டர் கவுண்ட் என்று பெயர்.

கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் எண்ணைச் சொல்கின்றன. கேனன் 6டி என்றால் 1,00,000. கேனன் 5டி மார்க் 2, நிக்கான் டி700 என்றால் 1,50,000. நிக்கான் டி850 என்றால் 2,00,000. பத்திரிகைக்காரர்களுக்கென்று செய்யப்பட்ட நிக்கான் டி3 என்றால் 3,00,000. கேனன் 1டிஎக்ஸ் மார்க் 3 என்றால் 5,00,000. இவை பரிசோதனைச் சாலையில் ஷட்டரை இடைவிடாமல் இயக்கிப் பார்த்து, அத்தனை முறை தாங்கும்படி வடிவமைத்திருக்கிறோம் என்று சொல்லும் எண்களேயன்றி, அதற்கு முன் கெடாது என்ற உத்தரவாதமும் அல்ல, அந்த எண்ணைத் தொட்ட மறுநாள் நின்றுவிடும் என்ற மரண சாசனமும் அல்ல. கல்யாணம் ஒன்றுக்கு மூவாயிரம் படம் என்று வைத்துக்கொண்டால் ஐம்பது கல்யாணங்களில் 1,50,000 ஆகிவிடும். அதைக் கடந்த பிறகும் பல முகூர்த்தங்களைத் தடங்கலின்றிக் கண்ட காமிராக்கள் என் மேசைக்குத் தூசு துடைக்க மட்டும் வந்து போயிருக்கின்றன. அதில் நாலில் ஒரு பங்குகூட ஓடாத ஷட்டர் தகடு பிய்ந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இப்படித் தகடு பிய்ந்து வந்தவற்றை அவிழ்த்து ஆராயும்போது, ஓட்டத்தினால் வந்த தேய்வைவிடக் கையினால் வந்த சேதமே பெரும்பாலும் காரணமாக இருக்கக் கண்டேன். லென்ஸ் மாற்றும் அவசரத்தில் விரல் உள்ளே போய்த் தகட்டை அழுத்திவிடும். தூசு ஊதுகிறேன் என்று அழுத்தக் காற்றுக் குப்பியின் முனையை உள்ளே நீட்டி அடிப்பார்கள். பேட்டரி தீரப் போவதைக் கவனிக்காமல் சென்சரைச் சுத்தம் செய்யத் தொடங்கி, பாதியில் மின்சாரம் அற்றுத் திரை விழுந்து, துடைக்கும் குச்சியின் மேலேயே மோதும். இவற்றுள் எதுவும் ஷட்டர் கவுண்டில் பதிவாவதில்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அந்த எண் ஷட்டரின்மேல் எழுதப்பட்டிருப்பதன்று. காமிராவின் மெயின் போர்டில் உள்ள ஞாபகச் சில்லில் எழுதப்பட்டிருப்பது. ஆகவே ஷட்டரை மாற்றிப் புதியது பொருத்தினாலும், யாரேனும் கணக்கைத் திருத்தினாலொழிய, பழைய எண் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். ஷட்டர் பழையதாகவே இருக்க, போர்டை மாற்றினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கவும் கூடும். அந்த எண்ணை அறியும் வழிகளும் ஒரே மாதிரி இல்லை. நிக்கான், பெண்டாக்ஸ் போன்றவை ஒவ்வொரு படத்தின் கோப்பினுள்ளேயும் அதை மறைவாகக் குறித்துவிடுகின்றன. கனடா நாட்டு ஃபில் ஹார்வி 2003 முதல் இலவசமாக வழங்கிவரும் எக்ஸிஃப்டூல் என்னும் மென்பொருளைக் கொண்டு அதைப் படிக்கலாம். கேனனில் பெரும்பாலான மாடல்கள் அவ்வாறு எழுதுவதில்லை. காமிராவைக் கம்பியால் கணினியோடு இணைத்துத்தான் கேட்டறிய வேண்டும். படத்தின் பெயரில் வரும் எண்ணையே ஷட்டர் கவுண்ட் என்று நம்புவோர் பலர். அந்த எண் 9999 வரை போய் மறுபடியும் 0001 இலிருந்து தொடங்கும், நடுவிலும் விரும்பியபோது மாற்றிக்கொள்ளலாம் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

எண் சொல்லும் கதையும் யந்திரம் சொல்லும் கதையும் எப்படி வேறுபடும் என்பதற்கு என் அனுபவத்தில் கண்ட சில காமிராக்களையே சாட்சியாக வைக்கிறேன்.

விளையாட்டுப் படங்கள் எடுக்கும் ஒரு பத்திரிகை நண்பர் நிக்கான் டி3 வைத்திருந்தார். விநாடிக்கு 9 படம் எடுக்கக் கூடிய அந்த யந்திரத்தில், சேப்பாக்கத்தில் ஒரு விக்கெட் விழும் நேரத்துக்குள் முப்பது படம் போய்விடும். கம்பெனி சொன்ன 3,00,000 ஐ அது எப்போதோ தாண்டி, நாலு லட்சத்தையும் கடந்திருந்தது. பிடியின் ரப்பர் தேய்ந்து வழுவழுத்து, விளிம்புகளில் கறுப்புச் சாயம் போய் உலோகம் பளபளத்தது. ஆனால் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தபோது எல்லா வேகங்களும் ஒழுங்காகவே இருந்தன. தினமும் வேலை முடிந்ததும் துடைத்து உலர்ந்த பெட்டியில் வைக்கும் மனிதர் அவர்.

அதற்கு நேர்மாறாக, ஆசைக்கு வாங்கி, இரண்டொரு உல்லாசப் பிரயாணங்களுக்குப் பிறகு தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைக்கப்பட்ட காமிரா ஒன்று வந்தது. கணக்கு சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. மழைக்கால ஈரத்தைத் தோல் உறிஞ்சிவைத்திருந்ததால், வியூஃபைண்டர் கண்ணாடியில் ஃபங்கஸ் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தது. மிரர் வந்து மோதும் இடத்திலுள்ள பஞ்சு பிசினாகி ஒழுகியிருந்தது. பிடியின் ரப்பர் உப்பிப் பிரிந்திருந்தது. ஓடாமல் கிடந்ததே அதற்கு நோயாயிற்று.

கட்டடம் ஒன்று எழும்புவதை இடைவெளி விட்டு விட்டுப் பதிவு செய்ய ஸ்டாண்டில் நிறுத்தப்பட்ட காமிரா மூன்றாவது. பத்து விநாடிக்கு ஒரு படம் என்று வைத்தால் ஒரு நாளில் 8,640 படம்; இருபத்துநாலு நாளில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு மாதத்துக்குள் ஷட்டர் கிழப்பருவம் எய்த, மற்ற உறுப்புகள் யாவும் பெட்டியிலிருந்து அன்று எடுத்தவைபோல் இருந்தன. புதிய ஷட்டர் ஒன்றைப் பொருத்தியதும் அது புதுக் காமிராவாகவே போயிற்று.

நாலாவது, வீடியோவுக்கு உழைத்த காமிரா. 2008 இல் வந்த கேனன் 5டி மார்க் 2 முழு எச்டி வீடியோ எடுக்கும் என்று தெரிந்ததும், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி வளர்த்துவிட்ட உற்சாகத்தில் குறும்படம் எடுக்கப் புறப்பட்ட இளைஞர் பலர் கையில் அது தவழ்ந்தது. வீடியோவில் ஷட்டர் ஒரு முறை திறந்தால் பத்து நிமிஷம்கூடத் திறந்தபடியே இருக்கும். அந்த நேரம் முழுவதும் சென்சர் மின்சாரத்தில் காய்ந்துகொண்டிருக்கும். கணக்கோ அநேகமாக அசையாது. அப்படி உழைத்த ஒரு காமிராவில் ஷட்டர் கவுண்ட் மிகக் குறைவு. ஆயினும் சென்சரில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றியிருந்தன. வெளி மானிட்டரின் கம்பியைச் செருகிச் செருகி எச்டிஎம்ஐ வாய் தளர்ந்து ஆடிற்று. குறைந்த எண்ணைக் காட்டி அது நல்ல விலைக்கு விற்பனைக்கு வந்தது என்பதுதான் வருந்தத் தக்கது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயதைச் சொல்லத் தெரிந்த உழவர், அத்துடன் நின்றுவிடுவதில்லை. காளையை நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார், நுகத்தடி பட்ட தழும்பைத் தடவுவார், வண்டியில் பழகியதா ஏரில் பழகியதா என்று கேட்பார். காமிரா வாங்குபவருக்கும் அந்த விவேகம் வேண்டும்.

அப்படியானால் ஷட்டர் கவுண்ட் பிரயோஜனமற்றதா என்றால், அதுவும் இல்லை. மூன்று சந்தர்ப்பங்களில் நான் அதைக் கூர்ந்து பார்க்கிறேன். முதலாவது, மாடல் மிகப் பழையதாகி, அதற்கு உரிய ஷட்டர் கிடைப்பது அரிதாகிவிட்ட சந்தர்ப்பம். மாற்ற முடியாத உறுப்பின் தேய்வே காமிராவின் தேய்வு. பழைய கம்பூர் ஷட்டரைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, வில்லைத் திருத்தி உயிர்ப்பிக்க முடிந்தது. இன்றைய ஷட்டரோ முழுதாகக் கழற்றி முழுதாக மாற்ற வேண்டிய ஒரே தொகுதி. இரண்டாவது, விலை பேசும் சந்தர்ப்பம். கணக்குக் கம்பெனி எண்ணை நெருங்கியிருந்தால், ஷட்டர் மாற்ற ஆகும் செலவை விசாரித்து, அதை விலையிலிருந்து கழித்துக் கேட்பது முறையான வியாபாரம். மூன்றாவது, எண்ணும் உடம்பும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத சந்தர்ப்பம். பட்டன்களின் எழுத்து அழிந்து, கழுத்துப் பட்டை மாட்டும் வளையம் பாதி அறுபட்டு, ஃபிளாஷ் செருகும் ஹாட்ஷூ உரசி வெளுத்திருக்கும் காமிரா ஐயாயிரந்தான் ஓடியிருக்கிறது என்று சொன்னால், எண் திருத்தப்பட்டதோ போர்டு மாற்றப்பட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே எண்ணைக் கொண்டு காமிராவைச் சோதிப்பதற்குப் பதிலாக, காமிராவைக் கொண்டு எண்ணைச் சோதிக்கிறோம்.

தெற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், தம் வசம் இருந்த பணத்துக்கு இரண்டு காமிராக்களைப் பார்த்துவைத்து, சோதித்துச் சொல்லும்படி இரண்டையும் என்னிடம் கொண்டுவந்தார். ஒரே மாடல், ஒன்று பன்னிரண்டாயிரம் ஓடியது, மற்றொன்று ஒரு லட்சத்துக்கு மேல் ஓடியது.

"அண்ணே, பன்னெண்டாயிரம் ஓடினதையே எடுத்துக்கலாம்னு இருக்கேன். சும்மா ஒரு பார்வை பார்த்துடுங்க" என்றார்.

"எண்ணை அப்புறம் பார்ப்போம் தம்பி. முதல்ல ரெண்டையும் லென்ஸைக் கழட்டி வெளிச்சத்துல பிடிங்க" என்றேன்.

பன்னிரண்டாயிரம் ஓடிய காமிராவின், லென்ஸ் பொருத்தும் மவுண்டைச் சுற்றியிருந்த திருகாணித் தலைகளில் துரு. ஹாட்ஷூவின் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு. பேட்டரி அறையின் பித்தளை முனைகளிலும் அதே பச்சை. அலைக்கு அருகில் நின்று படம் எடுத்தவருடைய காமிரா அது. உப்புக் காற்று உள்ளே புகுந்துவிட்டது. போர்டில் உப்பு ஏறினால் இன்று ஓர் உறுப்பு, நாளை ஓர் உறுப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக விழும். அதற்கு நிலையான வைத்தியம் கிடையாது. ஒரு லட்சம் ஓடியதோ, ஒரே கல்யாண போட்டோகிராபர் கையில் இருந்து வந்தது. மவுண்ட் சுத்தம், கார்டு செருகும் இடத்து ஊசிகள் ஒன்றும் வளையவில்லை, வெள்ளைச் சுவரை 8,000 இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்துப் பார்த்தபோது நாலு மூலைகளிலும் வெளிச்சம் சமமாக விழுந்தது. இரண்டாவதையே வாங்கும்படி சொன்னேன். தயங்கித்தான் வாங்கினார். பல முகூர்த்தங்களுக்குப் பிறகு, அதன் ஷட்டர் முறையாகத் தேய்ந்து நின்றபோது, அந்தக் காமிரா சம்பாதித்துத் தந்த பணத்திலிருந்தே புதிய ஷட்டரைப் போட்டுக்கொண்டார்.

அந்த வெள்ளைச் சுவர்ப் பரீட்சையை யாரும் செய்யலாம். பகல் வெளிச்சத்தில், ஒரே நிறமான சுவரையோ ஆகாயத்தையோ பார்த்து, காமிராவின் உச்ச வேகத்தில் பத்துப் படம் தொடர்ந்து எடுக்க வேண்டும். ஒரு விளிம்பு கறுத்தாலோ, ஒரு படம் வெளுத்து மற்றொன்று கறுத்தாலோ, திரைகள் ஒன்றையொன்று சரியாகத் தொடரவில்லை என்று பொருள். பிறகு துவாரத்தைச் சுருக்கி எஃப்16 இல் வைத்து அதே சுவரை எடுத்தால், சென்சரில் உள்ள தூசும் எண்ணெய்த் துளியும் கீறலும் தெரிந்துவிடும். லென்ஸை மூடி முப்பது விநாடி எடுத்தால் கெட்ட புள்ளிகள் பிரகாசமாகக் காட்டிக்கொடுக்கும். கார்டு, பேட்டரி, கம்பி செருகும் வாய்கள் ஒவ்வொன்றையும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். திருகாணித் தலைகளில் கீறல் இருந்தால் யார் எதற்காகத் திறந்தார்கள் என்று கேட்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு ஷட்டர் கவுண்டைக் கேளுங்கள். அப்போதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் பிறக்கிறது.

மிரர் இல்லாத காமிராக்கள் வந்த பிறகு இந்தக் கணக்கு மேலும் தெளிவிழந்துவிட்டது. அவற்றில் மெகானிக்கல் ஷட்டர், எலெக்ட்ரானிக் ஷட்டர், முதல் திரை மட்டும் எலெக்ட்ரானிக் என்று பல முறைகள் உண்டு. முழு எலெக்ட்ரானிக் முறையில் ஆயிரக்கணக்கான படம் எடுத்தாலும் தகடு அசைவதில்லை. 2021 இல் வெளிவந்த நிக்கான் இசட்9 இல் மெகானிக்கல் ஷட்டரே கிடையாது. 2023 இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3 இலும் கிடையாது. தேயும் தகடே இல்லாத காலத்தில் இந்தக் கேள்வி தானாகவே மறைந்துவிடும். ஆனால் உப்புக் காற்றும், ஃபங்கஸும், அலட்சியமான கையும் மறையப் போவதில்லை. ஆகவே யந்திரத்தைப் பார்த்தறியும் வித்தைக்கு அப்போதும் வேலை இருக்கும்.

என் முடிவான அபிப்பிராயம் இதுதான்: ஷட்டர் கவுண்ட் விலையை நிர்ணயிக்க உதவும், காமிராவின் யோக்கியதையை நிர்ணயிக்க உதவாது. விற்பவர்கள் எண்ணோடு, காமிரா எங்கே எதற்கு உழைத்தது என்பதையும், ஷட்டரோ போர்டோ மாற்றப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் எண்ணைக் கேட்கும் முன் காமிராவைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். கணக்கு ஏறிவிடுமே, பிறகு விற்க முடியாதே என்று பயந்து, கண்முன் நடப்பதைப் படம் எடுக்காமல் விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷட்டர் மாற்றக் கூடிய பொருள், தவறவிட்ட படம் மாற்றக் கூடியதன்று, ஆகையால் தயங்காமல் எடுங்கள், எடுத்த பின் துடைத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள்.